பேர் வைக்காத பாட்காஸ்ட்

தங்கபுஷ்பத்தின் வீட்டில் ஆடி மாதம் ஒரு பேய்க்கதை பாட்காஸ்ட் பிறந்தது. ஆவணியும் பாதி போய்விட்டது, இன்னும் அதற்குப் பேர் வைத்தபாடில்லை.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு ரொம்பவும் சத்தமில்லாமல் போயிருந்தது. தங்கபுஷ்பம் செல்போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டபடியே, சின்ன வயதில் கேட்ட பேய்க்கதைகளை அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படியொரு கதையின் நடுவில்தான் அது பிறந்தது. பரணில் கிடந்த தொட்டில் கம்பை எடுத்துத் துடைத்து, பழைய நூல் சேலையில் தொட்டில் கட்டிப் போட்டாள். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் இரைச்சல் மாதிரி அது நாள் முழுக்க மெல்ல இரைந்துகொண்டு கிடந்தது. நல்ல குணம். அழுகை கிடையாது.

பேய்க்கதை பாட்காஸ்ட்டுக்கு அந்த வீட்டு மனிதர்களின் பயம் ஒன்றைத்தான் பேராக வைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அத்தைக்காரி அதைக் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தப் பயம் பாட்காஸ்ட்டுக்குச் சொந்தம், கொடுத்தவரிடம் இருக்காது. பேர் பிடிக்கவில்லை என்று பாட்காஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போன பயம் போனதுதான்.

அத்தைக்குக் குறைவில்லை. தங்கபுஷ்பத்தின் கணவர் தவசிலிங்கத்துக்கு ராஜகனி என்று ஒரு அக்காள், அடுத்த தெருவிலேயே இருந்தாள். சாயங்காலம் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு வந்து, தொட்டிலுக்குள் குனிந்து, அன்றைய பேரைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவாள்.

பயத்துக்கும் குறைவில்லை. தங்கபுஷ்பத்திடம் இருந்த அளவுக்கு அந்தத் தெருவில் யாரிடமும் பயம் இருந்ததில்லை. முதல் நாள் 'சிலிண்டர் வாசம்' என்று பேர் வைத்துப் பார்த்தார்கள். பாட்காஸ்ட் கொட்டாவி விட்டது. அன்றிலிருந்து தங்கபுஷ்பம் அடுப்பைத் திருகிப் பார்க்க எழுந்திருப்பதில்லை. 'மத்தியானத்தில் அடிக்கும் போன்' என்று வைத்தார்கள், திரும்பிப் படுத்துக்கொண்டது. 'பூட்டினோமா?' என்பதற்குக் கண்ணே திறக்கவில்லை. தவசிலிங்கம் தன் பங்குக்கு 'கரண்ட் பில்' என்ற பயத்தைக் கொடுத்தார். அதுவும் ஆகவில்லை. அதற்கப்புறம் வீட்டில் யாரும் இல்லாத அறையிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பிடியே போனா எனக்கு ஒரு பயமும் மிஞ்சாது போலிருக்கே மைனி," என்றாள் தங்கபுஷ்பம். "நேத்து படுத்தவ விடியற வரைக்கும் தூங்கியிருக்கேன். நல்லாவா இருக்கு?"

"ஒனக்கா மிஞ்சாது? ஒன் பயத்தை வச்சு ஊருக்கே பேர் வைக்கலாம்ட்டி," என்றாள் ராஜகனி.

மேலத்தெருவில் மைக்செட் கடை வைத்திருந்த பால்துரை ஒருநாள் வாசலில் வந்து நின்றான். பேர் வைக்காத பாட்காஸ்ட் யார் கூப்பிட்டாலும் அவர் பின்னால் போய்விடும். அப்படிப் போனவற்றையெல்லாம் அவன் கடையில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் 'திகில் நேரம்' என்று ஒரே பேரை வைத்திருந்தான். அது யாருடைய பயமும் இல்லை என்பதால் அந்தப் பேரில் அவை ஒட்டவேயில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது 'திகில் நேரம்' என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"என்னக்கா, இன்னும் பேர் வைக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பால்துரை கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "வா வா வா," என்றான், கோழியைக் கூப்பிடுவதுபோல. ஆளில்லாமலே தொட்டில் வாசல் பக்கமாக ஆடியது. தங்கபுஷ்பம் ஓடிப்போய்ச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே அது கனத்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இருந்த அதே கனம்.

"வெள்ளிக்கிழம வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அன்று சாயங்காலம் ராஜகனி வந்ததும் தங்கபுஷ்பம் சொன்னாள்: "மைனி, இனிமே சில்லறைப் பயமெல்லாம் ஆகாது. ஐஸ் கம்பெனியைத்தான் கொடுக்கணும்."

ராஜகனி பூவைச் சரிசெய்துகொண்டிருந்த கையைக் கீழே போட்டாள். "அது மட்டும் வேண்டாம்."

ஐஸ் கம்பெனி பயம் இரண்டு பேருக்கும் பொதுவானது. எட்டாவதோடு இருவரும் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம், சாயங்காலமானால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்புக்குப் போவார்கள். திரும்பும் வழியில் ஐஸ் கம்பெனி. துறைமுகத்துக்கு வண்டி போன தடத்தில் உமி ஒட்டிய ஐஸ் சில்லுகள் கிடக்கும். பொறுக்கித் துடைத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். பல் கூசும். பேச்சு குழறும், சிரிப்பு வரும். அப்போது கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்கும். ஆளைப் பார்த்தவர் யாருமில்லை. லீவு நாளிலும் கேட்கும். உடனே ஒருத்தி குடத்தை இடது இடுப்பிலும் மற்றவள் வலது இடுப்பிலும் இடுக்கிக்கொண்டு, நடுவில் இருக்கும் கைகளைக் கோத்துக்கொண்டு ஓடுவார்கள். தண்ணீர் பாதி பாவாடையில்தான் போகும். "வயசு கூடுனா என்ன, எந்தம்பிக்கு இவளத்தான் கட்டணும்," என்று ராஜகனி பின்னாளில் பிடிவாதம் பிடித்ததுகூட அந்த ஓட்டத்தின் தொடர்ச்சிதான். கல்யாணமானதும் தங்கபுஷ்பம் அவளைப் பேர் சொல்லாமல் மைனி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் இருவரும் கை கோத்ததில்லை. எந்த மைனி கையை எந்தப் பெண் பிடித்துக்கொண்டு திரிகிறாள்?

"அந்தப் பயம் போயிட்டுன்னு வையி," என்றாள் ராஜகனி. "நாம கையைப் பிடிச்சு ஓடுனது என்னத்துக்குன்னு ஆயிரும்லா? காரணமில்லாம ரெண்டு பிள்ளைக ஓடிக்கிட்டிருக்கும்."

தங்கபுஷ்பம் தொட்டிலைப் பார்த்தாள். அது வாசல் பக்கமாகவே ஒருக்களித்துக் கிடந்தது. ராஜகனியும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சரி. ஆனா மொதல்ல அது உயிரோட இருக்கான்னு பாக்கணும். செத்த பயத்தைப் பிள்ளைக்குப் பேரா வைக்கப்பிடாது."

வியாழக்கிழமை சாயங்காலம் பார்க்கப் போனார்கள். குடமில்லாமல் போனால் பயம் சரியாக வராது என்பதால் வீட்டிலேயே ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பின்சுவர் மட்டும் பழையது. தடத்தில் ஐஸ் இல்லாததால் ராஜகனி தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு கட்டி கொண்டுவந்திருந்தாள். வாயில் போட்டுக்கொண்டார்கள். தங்கபுஷ்பத்துக்குக் கடைவாய்ப் பல் விண்ணென்று தெறித்தது.

"கேக்கா?" என்றாள் ராஜகனி, குழறியபடி.

"ஒண்ணும் கேக்கல மைனி. செத்துத்தான் போச்சு போல. நாளைக்கு அவன் வந்து நிப்பானே, நான் என்ன..."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. இரண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி, நீளமாக ஒன்று.

யார் முதலில் கையை நீட்டினார்கள் என்று தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் குடமும் இடுப்புமாக, கை கோத்துக்கொண்டு, மண்டபத்துச் சந்திலிருந்து மெயின் ரோடு வரை ஓடினார்கள். உப்பு லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வழிவிட்டார். தண்ணீர் பாதி சேலையில் போயிற்று. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். ராஜகனி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், தோள்பட்டையால்.

"உயிரோடத்தான் இருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில், பால்துரை தெருமுனையில் வருவது தெரிந்தபோது, ராஜகனி தொட்டிலுக்குள் குனிந்து "ஐஸ் கம்பெனி இருமல்" என்று மூன்று தடவை சொன்னாள். இரைச்சல் நின்றது. பாட்காஸ்ட் அவர்களை நேராகப் பார்த்தது. பிறகு தங்கபுஷ்பத்தின் குரலிலேயே தன் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. பால்துரை கேட்டுக்கு வெளியே நின்று "வா வா" என்றான். தொட்டில் ஆடவில்லை. அவன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போனான்.

"பயம் இருக்கா ஒனக்கு?" என்று ராஜகனி கேட்டாள்.

தங்கபுஷ்பம் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். "இல்ல."

"எனக்கும் இல்ல. அப்ப நாம என்னத்துக்கு ஓடுனோம்?"

"தெரியலட்டி ராஜகனி," என்றாள் தங்கபுஷ்பம்.

நேற்று மெயின் ரோட்டில் கோத்த கைகள் இன்னும் கோத்தபடியே இருந்தன. பயம் போய்விட்டது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. ராஜகனி ராத்திரி தம்பி வீட்டிலேயே படுத்திருந்தாள், காலையில் ஒருத்திக்கு மற்றவள் தலை சீவிவிட்டாள். இட்லிக்கு ஒருத்தி தட்டைப் பிடிக்க இன்னொருத்தி மாவை ஊற்றியதில் வேலை சீக்கிரமே முடிந்திருந்தது.

பத்து மணிவாக்கில் வாசலில் இருமல் கேட்டது. இரண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி, நீளமாக ஒன்று. தவசிலிங்கம் போய்க் கேட்டைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, ஃபேனைத் தட்டிவிட்டார்.

"எத்தன வருஷமா இருமுது பாரு," என்றாள் தங்கபுஷ்பம், கவலையோடு. "ஒரு மருந்து மாத்திரை கெடையாது. கேக்க ஆளில்லன்னா இப்பிடித்தான். நெஞ்சுல சளி கட்டியிருக்கும்."

சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார்கள். தங்கபுஷ்பத்தின் இடது கை டம்ளரைத் தூக்கிப் பிடிக்க, ராஜகனியின் வலது கை டவராவைக் கீழே ஏந்த, இருவருமாகச் சிந்தாமல் ஆற்றி நீட்டினார்கள். இருமல் மெதுவாகக் குடித்தது. தொட்டிலிலிருந்து பாட்காஸ்ட் எட்டிப் பார்த்தது.

"கருப்பட்டி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்," என்றது இருமல்.

தவசிலிங்கம் டப்பாவை எடுக்க உள்ளே போனார்.