செண்பகத்தின் வாக்கிங்

நாற்பத்தாறு வயதுவரை செண்பகம் சும்மா நடந்ததே இல்லை. நடந்தால் ஏதாவது ஒரு இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அந்த அடுப்பு ஆழ்வார்பேட்டையில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருந்தது. காலை ஆறு மணிக்கு அது எரிய வேண்டுமானால் ஐந்து இருபது பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

பாலத்தடியில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து அடையாற்றுக் கரையோடு போனால் பஸ் ஸ்டாப் எட்டே நிமிஷம். அந்த ஒற்றையடிப் பாதையைத்தான் போன மாதம் 'நதிமுகம் ஹோம்ஸ்' என்ற கம்பெனி தகரம் அடித்து மூடியது. பதினாலு மாடி வரப்போகிறதாம். இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம். நாலரைக்கே கிளம்பலாம்தான், ஆனால் அதற்கு மெயின் ரோட்டு நாய்களிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று நாள் தாமதம். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று வார்டன் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சொன்னால் செய்கிறவள்.

ஒரு வியாழக்கிழமை கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி பரத்வாஜ், சேறு படாமல் கால் வைக்க இடம் தேடித் தேடி, பாலத்தடிக்கே வந்துவிட்டான்.

"ஒரு சின்ன ஹெல்ப் வேணும். ஆத்தோரமா கட்டறதால மூணு மீட்டர் அகலத்துக்குப் பொதுப்பாதை விடணும்னு கார்ப்பரேஷன் கண்டிஷன். பாதை ரெடி. சனிக்கிழமை ஆபீசர் பாக்க வர்றாங்க. பாதையில பப்ளிக் நடந்தா நல்லா இருக்கும்."

"நடக்கட்டும், யார் வேணான்னது?" என்றாள் பக்கத்து வீட்டு சகினா. ரவிக்கை தைப்பவள். அவள் கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை.

"நீங்க ஒரு பன்னெண்டு பேர், பப்ளிக் மாதிரி நடக்கணும்."

"மாதிரியா? அப்ப நாங்கல்லாம் யாரு நைனா?"

பரத்வாஜ் காதில் வாங்கிக்கொள்ளாமல், முழங்கையை மடக்கி, கைகளை முன்னும் பின்னும் வீசி நடந்து காட்டினான். பாலத்தடியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஆளுக்கு ஒரு பச்சை டீ-ஷர்ட், ஒரு ஜோடி ஷூ, நடந்து முடித்ததும் பிரியாணி என்று ஏற்பாடு. முப்பது வருஷமாகச் செருப்புத் தேய நடந்தபோது ஒரு நாய்கூட ஏனென்று கேட்கவில்லை, இப்போது ஷூ வாங்கித் தருகிறார்கள் என்று செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெயர் கொடுத்தாள். தகரத்துக்குப் பின்னால் தன் வழி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, செண்பகம் காலைச் சமையலை முடித்துத் திரும்பியதும், புடவைக்கு மேல் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பேரும் போனார்கள். கேட்டில் விசிலோடு நின்றவர் அம்மாசி. அவரும் பாலத்தடிக்காரர்தான், கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்த நாளிலிருந்து யாரையும் தெரியாதவர். உள்ளே வழவழவென்று கல் பதித்த பாதை, இரண்டு பக்கமும் புல், உட்கார பெஞ்சு. கோடியில் எட்டடிச் சுவர், அதில் கூழைக்கடாப் பறவை ஒன்றை வரைந்திருந்தார்கள். அதுவரை போய்த் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கார்ப்பரேஷன் பொறியாளர் வஜீஹா டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்துகொண்டிருந்தார். பதினொரு பப்ளிக்கும் கை வீசிப் போய்ச் சமர்த்தாகத் திரும்பியது. செண்பகம் மட்டும் கூழைக்கடாவின் முன்னால் நின்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்பதும், கண்டக்டர் விசில் கொடுப்பதும், பஸ் கிளம்புவதும் கேட்டது. தூரத்திலிருந்து பரத்வாஜ் விரலைச் சுழற்றி, திரும்பு திரும்பு என்று ஜாடை காட்டினான். கால் திரும்ப மறுத்தது.

வஜீஹா கிட்டே வந்தார். "ஏம்மா நின்னுட்டீங்க? மூச்சு வாங்குதா?"

"பஸ் ஸ்டாப்பு அந்தாண்ட கீது மேடம்."

"வாக்கிங்தானே வந்தீங்க? திரும்பிப் போகலாமே?"

"திரும்பிப் போனா வூடுதான் வரும். நான் வூட்லேந்துதான வரேன்?"

பரத்வாஜ் ஓடி வந்தான். "மேடம், இது போயிட்டு அப்படியே திரும்பி வர்ற டிசைன். ஹெல்த்துக்காக."

"ஹெல்த்து எனக்கு நல்லாத்தான் கீது சார். வேலைதான் போவப்போவுது. முப்பது வருசமா இப்டிக்காதான் போய்க்கினு இருந்தேன், இன்னாத்துக்கு அடைச்சீங்க?" சொல்லும்போதே செண்பகத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த தண்ணீர். பச்சை டீ-ஷர்ட்டிலேயே துடைத்துக்கொண்டாள்.

வஜீஹா வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், செண்பகத்தின் புத்தம்புது ஷூவையும் பார்த்தார். "பொதுப்பாதைன்னா ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வரணும் சார். போன வழியே திரும்பி நடக்க உங்க மொட்டைமாடி போதுமே, அதுக்கு நாங்க எதுக்குக் கண்டிஷன் போடணும்?" என்று சொல்லி அங்கேயே எழுதினார்: சுவரை உடைத்து கேட் வைக்க வேண்டும், காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை திறந்திருக்க வேண்டும், அதுவரை கட்டடத்துக்கு அனுமதி கிடையாது. பரத்வாஜ் கோபத்தில் பதினொரு பிரியாணிதான் தருவேன் என்றான். சகினா பன்னிரண்டு எடுத்துக்கொண்டாள்.

பத்து நாளில் கூழைக்கடாவின் வயிற்றில் கேட் வந்தது. அதுவரை சகினாவின் புருஷன் வலியுல்லா மீன் கூடை ஏற்றும் தன் மீன்பாடி வண்டியில் செண்பகத்தை ஆழ்வார்பேட்டையில் இறக்கிவிட்டார். வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, தாமதம் என்று சொல்ல முடியவில்லை.

கேட்டோடு கம்பெனியின் போர்டு ஒன்றும் வந்திருந்தது. 'நடைப்பயிற்சிக்கு மட்டும். குறுக்கு வழியாகப் பயன்படுத்தக் கூடாது.'

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு அம்மாசி வழியை மறித்தார். "எங்க போற?"

"வாக்கிங்கு மாமா." பச்சை டீ-ஷர்ட், ஷூ, எல்லாம் சரியாக இருந்தது.

"கையில இன்னா பை?"

"வெயிட்டு. ஹெல்த்துக்கு."

அம்மாசி போர்டைப் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார். பரத்வாஜ் சொல்லிக்கொடுத்த மாதிரியே கைகளை வீசி, டிபன் பாக்ஸ் கடகடக்க, எட்டு நிமிஷத்தில் செண்பகம் மறுபக்கம் வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அடுப்பு எரிந்தது. வார்டன் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன செண்பகம், புடவை மேல இது என்ன கோலம்?"

"எங்க வழியில எங்கள வுடணும்னா இத்த மாட்டிக்கினாத்தான் வுட்றாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, செண்பகம் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.