நான்கு கட்டம் முன்னால்

ஒரு புதன்கிழமை மருந்துக்கடைக்காரியின் பார்வை இசைத்தாளில் நான்கு கட்டம், அதாவது சுமார் எட்டு வினாடி, அவளை முந்திக்கொண்டு போய்விட்டது. அன்று கடையில் இருமல் மருந்தும் தீர்ந்திருந்தது.

அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் அவள் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தது முழுக்கக் காதின் தயவில். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அச்சடித்த இசைத்தாளைக் கண்டால் மட்டும் முழிப்பாள். புதுப் பாட்டு வந்தால் யாராவது முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பாட்டையே "போலாம் ரைட்" என்றுதான் கிளப்புவார். "ஆண்டு விழாவுக்குள்ள தாளைப் பார்த்து வாசிக்கணும்மா. இல்லேன்னா பல் டாக்டரைக் கூப்பிட்டுக்கிறேன்," என்றார். பல் டாக்டருக்கு வாசிப்பதும் பிடுங்குவதும் ஒன்றுதான்.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் முன்பின் பார்க்காத ஒரு தாள், ஆமை வேகம், தப்பு வந்தாலும் நிற்கக் கூடாது. தையல்காரனான புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாசிக்கும் கட்டத்தை அட்டையால் மூடுவான். கண் அடுத்த கட்டத்துக்கு ஓடியே ஆக வேண்டும். முதல் மாதம் அந்த அட்டையைப் பிடுங்கி அவனையே அடித்தாள். ஆறாம் மாதம் ஒரு கட்டம் முன்னால் பார்த்தாள், ஒன்பதாம் மாதம் நான்கு. அந்தப் புதன்கிழமை தாளை மூடிய பிறகும் பார்வை திரும்பி வரவில்லை. கடையில் ஆள் வாய் திறக்குமுன் மருந்து மேஜைமேல் இருந்தது. "மூலத்துக்குன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா," என்று ஒருவர் நெளிந்தார். வீட்டில் புருஷன் தொடங்காத சண்டைக்கெல்லாம் பதில் சொல்லி முடித்தாள். "ஒரு வாட்டியாவது முழுசா கத்திக்கிறேனே," என்று கெஞ்சினான். பாவமென்று விட்டாள். கத்திவிட்டு, ருசிக்கவில்லை என்றான்.

ஆண்டு விழாவில் கண்டக்டர், குழு அவளுக்குத் தெரியாமல் பழகிய பாட்டை எடுத்து வைத்தார். பதற்றத்தில் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை. அவள் பிசகாமல் வாசித்தாள். மூன்றாம் பக்கத்தில், நான்கு கட்டம் தள்ளி, அவர் தலைசுற்றி மேடையிலிருந்து மல்லாக்க விழுவது தெரிந்தது. கத்தினால் திரும்பிப் பார்த்து முன்னதாகவே விழுவார். தாள் புரட்ட உட்கார்ந்திருந்த புருஷனிடம், "எழுந்திரிங்க, நாற்காலியை அவர் பின்னால போடுங்க," என்றாள், கை நிற்காமல். ஏன் என்று கேட்கும் பழக்கத்தை அவன் விட்டு வெகுநாளாகியிருந்தது. கண்டக்டர் சரியாகத் தாளத்தில் உட்கார்ந்தார். அவள் சொற்படி அவன் அவர் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தான். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் மீதிப் பாட்டை உட்கார்ந்தபடியே நடத்தினார். கூட்டம் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

மறு ஆண்டு அழைப்பிதழில், "பியானோ: மருந்துக்கடை அம்மா. நாற்காலி: அவர் கணவர்," என்று போடச் சொன்னார் கண்டக்டர். அச்சகத்துக்காரர் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தார்.