கேட்டில் கட்டிய துணி

வீட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் மட்டக்கோலுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அவன் பூச்சு வேலைக்காரன். சுவர் நேரா கோணலா என்று வைத்துப் பார்க்கும் நீளக் கட்டையை எங்கே போனாலும் தோளில் போட்டுக்கொண்டு போகிறவன் என்பதால், கட்டையின் பெயரே அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. வாடகைக்கு வீடு பார்க்க வந்த இடத்துக்கும் அதைக் கொண்டுவந்திருந்தான். சுவர் சுவராக வைத்துப் பார்த்தான். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். சமையல்கட்டு மூலையில் குந்தி உட்கார்ந்து, ஈரம் ஏறியிருக்கிறதா என்று உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தான். ஓதமில்லை, விரிசலில்லை, பழைய கறையை மறைக்க அவசரமாக வெள்ளையடித்த அடையாளமும் இல்லை. கேட்கிற வாடகையோ, நகரத்தில் ஒரு குளியலறைக்குக்கூடப் போதாது.

"இவ்ளோ கம்மியா விடுறாங்கன்னா, உள்ள எவனோ தொங்கியிருக்கான் மாமா," என்றான் மச்சினன். மனைவியின் தம்பி, சாமான் வண்டி ஓட்டுகிறவன். வீடு பார்க்க அவன் வண்டியில்தான் வந்திருந்தார்கள். "மேல பாருங்க, கயிறு தடம் இருக்கும்."

"விட்டமே இல்லடா. தளம் போட்ட வீடு."

"அப்ப ஃபேன் கொக்கியப் பாருங்க."

மனைவி இரண்டு பேரையும் முறைத்தாள். "எவன் வேணா தொங்கிட்டுப் போகட்டும். சத்தம் போடாமத் தொங்குனாப் போதும். எனக்குத் தூக்கம் வேணும்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இரவு வேலை. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளைக் கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். ஓரத்தைக் கையால் நீவிக் கொடுத்து, உருளை கவ்வும்போது விரலை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் போன மழைக்காலத்தில் ஒரு கணம் கண்ணயர்ந்தாள். இப்போது அவள் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். இவர்கள் குடியிருந்த நகரத்து அறைக்குக் கீழே தகரப் பட்டறை. பகலெல்லாம் டம் டம் என்று அடி. காதில் பஞ்சை அடைத்து, தலைமேல் தலையணையைப் போட்டுப் படுத்தாலும் அடி மண்டைக்குள்தான் விழும். கொஞ்ச நாளாக அவளும் உருளைக்கு முன்னால் நின்றபடியே கண்ணை மூட ஆரம்பித்திருந்தாள். அதைச் சொன்ன நாளிலிருந்துதான் மட்டக்கோல் வீடு தேடினான். சோறு ஊட்டுகிற கை, சம்பாதிக்கிற கை எல்லாம் அவளுடைய அந்தக் கைதான்.

வீட்டுக்காரம்மா பக்கத்துப் பாதியில் தனியாக இருந்தாள். கனத்த உடம்பு, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் அளந்து வைத்த பேச்சு. முன்பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு.

"நீ எப்பம்மா வேலை முடிஞ்சு வருவ?"

"விடிஞ்சதும் வந்துருவேன்க்கா."

"வந்த உடனே படுத்துருவியா?"

"ஆமா. அவர் கிளம்புவார், நான் படுப்பேன்."

"எந்த ரூம்ல?"

"தெருப் பக்கத்து ரூம்ல. அதுலதான் காத்து வருது."

வீட்டுக்காரம்மா அந்த அறையின் ஜன்னலை ஒருமுறை பார்த்தாள், தெருவை ஒருமுறை பார்த்தாள். "சரி. நாளைக்கே வந்துருங்க," என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

வண்டியில் திரும்பும்போது மட்டக்கோல் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். "குடியிருக்க வர்றவ எப்ப தூங்குவா, எந்த ரூம்ல தூங்குவான்னு வீட்டுக்காரிக்கு எதுக்கு?"

"அதானே," என்றான் மச்சினன். அவனுக்கு வேண்டியது இதுதான். மாமாவுக்குச் சாவி கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது.

மறுநாளே சாமான்களோடு குடி வந்து சேர்ந்தார்கள். பேருந்து திரும்புகிற கடைசி நிறுத்தத்திலிருந்து மண் பாதையில் உள்ளே நடந்தால் அந்தத் தெரு. இரண்டு பக்கமும் மரம், வேலி, கோழி. தூரத்தில் நகரத்தின் கட்டடங்கள் புகையில் மங்கலாகத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் நகரம் இருக்கிறதென்று காதுக்குத் தெரியாது. மனைவி முதல் நாள் படுத்தவள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். சாயங்காலம் எழுந்தபோது கன்னத்தில் பாய்த் தடம் பதிந்திருந்தது.

அவள் தூங்கத் தூங்க இவனுக்குத் தூக்கம் போனது.

வேலையிடத்துக்குச் சிமெண்ட் வராததால் ஒரு பகல் முழுக்க வீட்டில் இருந்தான். அப்போதுதான் கவனித்தான். பால்காரன் வண்டியில் வேகமாக வருகிறான். வீடு நெருங்கியதும் இஞ்சினை அணைத்து இறங்கி, திருடனைப்போல் வண்டியைத் தள்ளிக்கொண்டே தாண்டிப் போய், அந்தப் பக்கம் மறுபடி உதைத்துக் கிளப்புகிறான். பிள்ளைகள் பந்தோடு கத்திக்கொண்டு ஓடிவருகின்றன. இவர்கள் வீட்டுக் கேட்டைக் கண்டதும் ஒன்று வாயில் விரலை வைக்கிறது, மற்றவை பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுனிக்காலில் கடக்கின்றன. குழாயடியில் குடம் நிரப்பும் பெண்கள் கிசுகிசுவென்று பேசுகிறார்கள். இவன் போய் நின்றால் அதுவும் நின்றுபோகிறது.

எல்லாவற்றையும்விட எதிர்வீட்டுத் தச்சன்தான் அவனைப் போட்டுக் குடைந்தான். பகலெல்லாம் இழைப்புளி தேய்க்கிற சத்தம் மட்டும் வரும். சுத்தியல் சத்தமே கிடையாது. பொழுது சாய்ந்த பிறகுதான் ஆணி அடிப்பான். மட்டக்கோல் எத்தனையோ கட்டடங்களில் தச்சர்களோடு ஒன்றாக வேலை பார்த்தவன். கதவு நிலையைக் கோத்ததும் ஆணியடிக்காமல் எந்தத் தச்சனும் விடமாட்டான். விட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். வெளிச்சத்தில் அடிக்காத ஆணியை இருட்டுகிற நேரத்தில் அடிக்கிறானென்றால் அவன் செய்வது கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"இந்த வீட்டுல என்னமோ நடந்திருக்கு," என்றான் மனைவியிடம். "இந்தப் பக்கம் வந்தாலே எல்லாரும் செத்த வீட்டத் தாண்டுற மாதிரித் தாண்டுறாங்க."

"நடக்கட்டும்."

"தெருமுனை வீட்டுல ஒருத்தன் இருக்கான். காலையில நான் வேலைக்குப் போறப்பல்லாம் ஜன்னலத் திறந்து, என்னைய முழுங்குற மாதிரி பாக்குறான். அவன் என்னைய எதுக்குப் பாக்கணும்?"

"உங்க மூஞ்சி அப்படி. ஊரே அமைதியா இருந்தா உங்களுக்கு அரிக்குதா? நாம விட்டுட்டு வந்த சத்தம் கொஞ்சம் அந்தத் தகரப் பட்டறையில மிச்சமிருக்கும், போய்க் கேட்டுட்டு வாங்க." அவள் திரும்பிப் படுத்தாள்.

அன்று சாயங்காலம்தான் அந்தத் துணி கண்ணில் பட்டது. கேட்டின் கம்பியில், வெளிப்பக்கம், முழ நீளத்துக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டுக் கிடந்தது. தானாகப் பறந்துவந்து சிக்கியதல்ல. யாரோ இறுக்கிக் கட்டிய இரட்டை முடிச்சு. மட்டக்கோல் தெருவை எட்டிப் பார்த்தான். வேறெந்த வீட்டிலும் இல்லை. முனை வீட்டுக் கேட்டில் மட்டும் ஒரு நீலக் கந்தல் ஆடியது.

மச்சினனிடம் சொன்னான். அவன் பீடியை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அடையாளம் மாமா. எந்த வீட்டுல ஆம்பள பகல்ல இல்லன்னு பாத்து வச்சிட்டுப் போறானுங்க. அக்கா அசந்து தூங்குறத அந்த வீட்டுக்காரக் கிழவி கேட்டு வாங்கிக்கிட்டா பாத்தீங்கள்ல?"

"நீ சும்மா கிளப்பிவிடாதடா."

"எனக்கென்ன. தூங்குறது எங்க அக்கா."

மட்டக்கோல் துணியை அவிழ்த்துக் குப்பையில் எறிந்தான். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்ப வெளியே வந்தால், வீட்டுக்காரம்மா கேட்டருகே நின்று அதே மாதிரி இன்னொரு துணியை முடிந்துகொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தது போலிருந்தது அவனுக்கு.

"யாரக் கேட்டுக் கட்டுறீங்க?"

"அவுந்து விழுந்துருச்சுப்பா. அதான் வேற..."

"விழல. நான்தான் அவுத்தேன்."

அவள் முகம் சுருங்கியது. "ஏன்? இது அந்தப் பொண்ணுக்காக..."

"எம் பொண்டாட்டிக்கு நீங்க ஒண்ணும் கட்ட வேணாம். வாடகைய மட்டும் பேசுங்க. வேற எதுவும் எங்கிட்டப் பேச வேணாம். என் வாசல்ல எவனாவது கைய வச்சா அப்புறம் மரியாதை இருக்காது. எனக்கே காது குத்தப் பாக்குறீங்களா?"

அவள் கையிலிருந்த துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். "உன் வாசல், உன் இஷ்டம்," என்று உள்ளே போய்விட்டாள். மட்டக்கோல் சாந்துச் சட்டியில் பூச்சுக் கரண்டியும் தேய்ப்புக்கட்டையும் கலகலக்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவைத் தாண்டினான். முனை வீட்டு ஜன்னல் திறந்தது. இவனும் நின்று முறைத்தான். ஜன்னல் சாத்திக்கொண்டது. ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தான்.

அடுத்த நாளிலிருந்து தெரு வாய் திறந்தது.

பால்காரன் கேட்டருகிலேயே வண்டியை உறும விட்டு, அளந்து ஊற்றினான். பந்து சுவரில் வந்து மோதியது. குழாயடியில் குடமும் வாயும் சேர்ந்து முழங்கின. எதிர்வீட்டுத் தச்சன் காலையிலேயே சுத்தியலைத் தூக்கிவிட்டான். மனைவி புரண்டாள், உட்கார்ந்தாள், பஞ்சைத் தேடினாள். சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனாள், இன்னும் சிவந்த கண்ணோடு வந்தாள். எரிந்து விழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"பாத்தியா," என்றான் மட்டக்கோல். "அவங்க வேலை நம்மகிட்ட நடக்கலன்னதும் இப்பக் கிளப்பிவிட்டு விரட்டப் பாக்குறாங்க."

அவள் பஞ்சை இன்னும் ஆழமாகக் காதுக்குள் திணித்தாள்.

வாரக் கடைசியில் ஒரு காலை, அவள் வர வழக்கத்தைவிடத் தாமதமானது. கேட்டருகே நின்றவன் அவள் வலது கையைத்தான் முதலில் பார்த்தான். வேலைச் சட்டையின் கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து தொங்கியது. முன்கையில் நீளமாக ஒரு சிவப்புத் தடம். விரல்களை எண்ணினான். இருந்தன.

"உருளை துணியோட சேத்து இழுத்துருச்சு," என்றாள். "எதிர்ல நின்னவ சுவிட்ச அடிச்சா. இல்லன்னா..." உள்ளே போய்ப் படுத்தாள். படுத்து, கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தாள். எதிர்வீட்டில் முதல் ஆணி இறங்கியது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

மட்டக்கோல் கட்டையைக் கையில் எடுத்தான். தெருவைக் கடந்தது அவனுக்கே தெரியாது. தச்சன் ஒரு நிலையின் மேல் குனிந்து நின்றான்.

"சுத்தியலக் கீழ போடு."

தச்சன் நிமிர்ந்து கட்டையைப் பார்த்தான், பிறகு ஆளைப் பார்த்தான். "என்னண்ணே?"

"உள்ள ஒருத்தி ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்து படுத்திருக்கா. உனக்குப் பகல்ல ஆணியடிக்கத் தெரியாதுன்னு நினைச்சேன். இப்ப மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

தச்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா ராத்திரி வேலைய விட்டுட்டாங்கன்னுல்ல நினைச்சோம்."

"எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. துணி இல்லையே." வாயிலிருந்த ஆணிகளை எடுத்துவிட்டுச் சொன்னான். "எங்க அப்பா காலத்துல இந்தத் தெருவுல எல்லாருக்கும் ரொட்டி ஆலையில ராத்திரி வேலை. பகல்ல தூங்குற ஆள் இருந்தா கேட்டுல துணி கட்டுவாங்க. துணி இருந்தா இந்தத் தெருவுல ஒருத்தன் தும்ம மாட்டான். ஆலைய மூடுனதும் பாதி வீடு காலியாகி வாடகை விழுந்துருச்சு, இந்த வழக்கம் மட்டும் விழல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்காரம்மா வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாங்க. நான் நிலையக் கோத்து, முறுக்கிக்காம இருக்கக் கயித்தப் போட்டு இறுக்கி வச்சிட்டு, பொழுது சாஞ்சப்புறம் ஆணியடிச்சேன். தினமும் இதே கூத்து. கயித்த இறுக்கி இறுக்கி என் கை போச்சு." அவன் உள்ளங்கையைக் காட்டினான். காய்ப்பின்மேல் புதுக் கொப்புளம்.

மட்டக்கோலின் கையிலிருந்த கட்டை நழுவித் தரையில் ஊன்றியது. இத்தனை நாள் ஒரு தெருவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, அதுவும் முன்பின் தெரியாத ஒருத்திக்காக. நம்பத் தோன்றவில்லை. தகரப் பட்டறைக்காரனிடம் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, அவன் சிரித்துவிட்டு இன்னும் ஓங்கி அடித்தான். உலகம் அப்படித்தான் என்று இவனுக்குத் தெரியும்.

"பதிலுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

"பதிலுக்கா?" தச்சன் யோசித்தான். "துணி கட்டுன வீட்டத் தாண்டுறப்ப சத்தம் போடாமப் போகணும். அவ்ளோதான்."

வீட்டுக்காரம்மா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டக்கோல் அவள் முன்னால் போய் நின்றான். மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய்.

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீ எங்கப்பா சொல்லவிட்ட? இது தெரியாத ஆளும் இருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத் தெருவுலயும் இப்படித்தான்னு நினைச்சேன்." சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையால் பிடித்துக்கொண்டாள். "நான் மட்டும் அவ தூக்கம் கெடக்கூடாதுன்னு இந்த வாரம் பம்ப்பு அடிக்கல. குழாயடியில போய்த் தண்ணி தூக்குறேன். தெருவ நிறுத்தணும்னா துணி வேணும். அத உன் கையால நீதான் கட்டணும்."

வீட்டுக்குள் போனான். கிழிந்த சட்டை நாற்காலியில் கிடந்தது. அதன் வலது கையைத் தையலோடு பிய்த்தெடுத்தான். உருளையின் சூட்டில் ஓரம் பழுப்பேறியிருந்தது. கேட்டில் கட்டினான், இரட்டை முடிச்சாக. தெருவின் அந்தக் கோடியில் பால்காரன் வந்துகொண்டிருந்தான். துணியைப் பார்த்தான். இஞ்சின் அணைந்தது. எதிர்வீட்டில் இழைப்புளி மெல்ல ஓட ஆரம்பித்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். அவள் கை வயிற்றிலிருந்து நழுவிப் பாயில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கரண்டியும் தேய்ப்புக்கட்டையும் உள்ளே குதித்துக் கலகலத்தன. முனை வீடு வந்தது. கேட்டில் நீலக் கந்தல். அதற்குள்ளேயே ஜன்னல் திறந்துவிட்டது. உள்ளே காவலாளிச் சட்டையோடு ஒரு மனிதன், ரத்தமாய்ச் சிவந்த கண்ணால் இவனை முழுங்குவதுபோல் பார்த்தான்.

மட்டக்கோல் நின்றான். சட்டியைத் தரையில் வைத்தான், பூ வைப்பதுபோல. கரண்டியை எடுத்து ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், தேய்ப்புக்கட்டையை மற்றதில். காலிச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் அந்த வீட்டைத் தாண்டினான்.