குள்ளர்கள் சேற்றில் படுத்த மாரி

இந்துஜாவின் குள்ளர்கள் மறுபடியும் சேற்றில் படுத்திருந்தார்கள். கணினி விளையாட்டுத்தான் என்றாலும் அவள் அவர்களுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை. மலையைக் குடைந்து, கல்லில் கட்டில் செதுக்கி, வரிசை வரிசையாக அறை அமைத்துக் கொடுத்திருந்தாள். அந்தத் தாடிக்காரர்களோ அத்தனையையும் விட்டுவிட்டு, சுரங்க வாசலில் மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் போய்ச் சுருண்டு கிடந்தார்கள். எழும்பியதும் முதுகு நனைந்துவிட்டதென்று ஒருவரையொருவர் அடித்தார்கள். கொல்லன் தச்சனைக் குத்தினான். தச்சனின் மனைவி ஆத்திரத்தில் தானியக் கிடங்கைக் கொளுத்தினாள். இந்த மூதேவிகளை மேய்ப்பதைவிட நயினாதீவில் கட்டாக்காலியாகத் திரியும் ஆடுகளை மேய்க்கலாம் என்று இந்துஜா திரையைப் பார்த்துச் சொன்னாள்.

மூதேவிகளோடு மாரடிப்பதுதான் அவளுக்கு உத்தியோகமும். கொழும்புக் கம்பனி ஒன்று கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் விற்றது. அதை வாங்கியவர்கள், அது வேலை செய்யவில்லையென்று முறைப்பாடு எழுதுவார்கள். இவள் வீட்டில் இருந்தபடியே காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்களே எதையோ அழுத்திவிட்டு, தாங்கள் ஒன்றையும் தொடவில்லையென்று சத்தியம் செய்வார்கள். உலகத்தில் பாதிப்பேர் பொய்யர், மீதிப்பேர் மடையர் என்பது இந்துஜா கண்ட முடிவு. தன்னை அவள் எந்தப் பாதியிலும் சேர்த்ததில்லை.

அண்ணன் துஷ்யந்தனை மட்டும் அவள் இரண்டிலும் சேர்த்திருந்தாள். நயினாதீவில் அவர்களுடைய வளவின் முன்பக்கம் நின்றது அவன் சுவிஸில் இருந்துகொண்டு கட்டிய மாடிவீடு. கீழும் மேலுமாக ஆறு அறை, மாபிள் தரை, பொலித்தீன் உறை கழற்றாத மெத்தைகள். புதுவீடு குடிபூரலுக்கு வந்தான். பிறகு ஒருமுறை அம்மன் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளை நுளம்பு கடிக்கிறதென்று தேர் முடிந்த கையோடு படகேறிவிட்டான். அன்றிலிருந்து வீடு பூட்டியே கிடந்தது. அதற்குப் பின்னால், இடிக்காமல் விட்ட பழைய குசினியிலும் அதை ஒட்டிய ஓர் அறையிலும் இந்துஜாவும் அம்மா பரிமளமும் இருந்தார்கள்.

மேலே தகரம். மாரி தொடங்கினால் கட்டிலில் ஒழுகும், நிலத்தில் ஊறும். பரிமளம் பாயை எந்த மூலைக்கு இழுத்தாலும் ஈரம் அவளைத் தேடி வந்தது. அவளுக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்கும் தொய்வு. இந்த முறை மழை தொடங்கிய கிழமையே நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிட்டது. இனியும் ஈரத்தில் படுக்கவிட்டால், கடல் கொந்தளிக்கிற ஒரு நாளில் படகு பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோவதற்குள் என்னவும் நடக்கலாம் என்று டொக்டர் இந்துஜாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

முன்வீட்டில் போய்ப் படுக்கச் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். "அது அவன்ட வீடெல்லோ பிள்ளை," என்று அந்த ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டு இருமுவாள். அண்ணன் என்ன உத்தரவு போட்டிருக்கிறான் என்று இந்துஜாவுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மெத்தைக்கு உறை போட்டு வைத்துவிட்டு, பெற்றவளைத் தகரத்துக்குக் கீழே கிடத்தியவன் எப்படிப்பட்டவன் என்று தெரியாதா? அவன் அழைத்தால் வேலை இருக்கிறதென்று போனை அம்மாவிடம் நீட்டிவிடுவாள். அவனிடம் வாய் திறந்து ஓர் அறை கேட்பதைவிட நனைவது மேல் என்று இருந்தாள். நனைந்தது பெரும்பாலும் அம்மா என்பது வேறு விஷயம்.

ஒரு மழைநாளில் கம்பனி வேலை முடிந்ததும், குள்ளர் விவகாரத்துக்கு ஒரு முடிவு காண்பதென்று உட்கார்ந்தாள். கட்டில்கள் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாள். வழியில் கல் விழுந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். அறைகளில் விளக்கில்லையோ என்று பந்தம் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. குள்ளர்கள் அறை வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பி நடந்து போய்ச் சேற்றில் படுத்தார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வேறு வழியில்லாமல், இந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் கூடும் இணையத்தளத்தில் கேட்டாள். தான் எதையும் மாற்றவில்லை, விளையாட்டில்தான் பிழை என்று கொஞ்சம் காரமாகவே எழுதினாள். பின்லாந்துக்காரன் ஒருவன் உடனேயே ஒரு கேள்வி அனுப்பினான். அந்த அறைகள் யாருடைய பேரில் இருக்கின்றன?

இது ஒரு கேள்வியா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு கட்டிலைத் தட்டினாள். ஒரு பேர் வந்தது. அடுத்ததிலும் பேர். எல்லாம் தொடக்க ஆண்டுகளில் தூரத்து மலைகளுக்குப் பொன் தேடிப் போன குள்ளர்களின் பேர்கள். அவர்களுடைய குறிப்பையும் திறந்து பார்த்தாள். போன இடத்திலேயே மண்டபம் கட்டி, கலியாணம் முடித்து, பிள்ளையும் பெற்றிருந்தார்கள்.

போனவரின் அறையை அவருக்கென்றே வைத்திருக்கவா என்று விளையாட்டு அப்போதே கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓம் என்று அழுத்தியவள் இந்துஜாதான். யோசித்து அழுத்தியதுகூட இல்லை. போனவன் வந்தால் படுக்க வேண்டாமா? அதை இன்னொருவனுக்குக் கொடுப்பார்களா? நடந்ததை எழுதி அனுப்பியபோது பின்லாந்துக்காரன் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டான். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஓம் என்று அழுத்திய ஒருவரையும் தான் கண்டதில்லை, உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தானா என்று கேட்டான். இந்துஜாவுக்குக் காது சுட்டது. பேர்களை ஒவ்வொன்றாக அழித்தாள். குள்ளர்கள் சேற்றைத் துடைத்துக்கொண்டு அறைகளுக்குள் ஓடிப்போய்க் குறட்டை விட்டார்கள்.

குசினியில் அம்மா இருமுவது கேட்டது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக ஏற, இந்துஜா போனை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பரிமளம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, அண்ணனை அழைத்தாள். அவன் மாட்டேன் என்று சொல்வதை அம்மா தன் காதாலேயே கேட்கட்டும் என்பதுதான் எண்ணம்.

துஷ்யந்தன் தங்கையின் குரலைக் கேட்டதும் பதறி, அம்மாவுக்கு ஏதுமோ என்றான். இந்துஜா சுற்றி வளைக்காமல், தொய்வையும் ஒழுக்கையும் டொக்டர் சொன்னதையும் சொல்லி, முன்வீட்டில் படுக்க விடுவானா மாட்டானா என்று கேட்டாள்.

"என்ன கதை கதைக்கிறாய் இந்து?" என்றான் அவன். "அங்க படுங்கோ எண்டு அம்மாட்டை எத்தினை தரம் சொல்லிப்போட்டன். ஓம் ஓம் எண்டுறா. படுத்திருக்கிறா எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

இந்துஜா அம்மாவைப் பார்த்தாள். பரிமளம் தலையை நிமிர்த்தாமல் துருவினாள்.

"எனக்கெண்டு பூட்டி வைச்சு என்ன செய்யிறது?" துஷ்யந்தன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவன் குரலில் கள்ளம் இல்லை. "நான் இனி அங்க வந்து இருக்கப்போறனே? பிள்ளையளும் வராயினம். அது உங்கட வீடுதான். அம்மாவை நல்லாப் படுக்கச் சொல்லு."

துருவல் சத்தம் நின்றது. இந்துஜா போனை அணைக்கப் பார்த்தாள். அதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.

பின்னேரம் அவளே அம்மாவைக் கைபிடித்து முன்வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கீழறை மெத்தையின் உறையைக் கிழித்து, சீலை விரித்து, தலையணை போட்டாள். நேற்றுவரை அடம்பிடித்த பரிமளம், கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். வெளியே மழை கொட்டியது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. இவ்வளவு காலமும் அண்ணனைத் திட்டியதெல்லாம் இப்போது இந்துஜாவின் வாயில் கசந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று அம்மாவையாவது ஏசலாம் என்று கட்டிலருகே குனிந்தாள்.

பரிமளம் திரும்பாமலே பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் இந்துஜா தாங்கியிருப்பாள்.

"அவன் வருவான் எண்டுதான் நான் அங்க நனைஞ்சு கிடந்தனான். அதை ஏன் பிள்ளை அவனிட்டைக் கேட்டனீ?"