பருத்திக் காய்க்குள் பால்பற்கள்

ஆறுமுகச்சாமியின் பருத்திக் காட்டில் பால்பற்கள் காய்க்கத் தொடங்கியது எழுபத்தொன்பதாம் வருடம் மாசி மாதம் இரண்டாவது வாரத்தில். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற பஸ் பாதைக்குத் தென்புறம், ஓடைக்கு இந்தப் பக்கம் கிடக்கும் நான்கு ஏக்கர் கரிசல் அது. பஞ்சு எடுக்கப் போன பெண்கள் முதலில் விதை என்று நினைத்தார்கள். அப்புறம் சுக்கான்கல் என்று நினைத்து வரப்பில் எறிந்தார்கள். சுந்தரம்மாள் மட்டும் எறியவில்லை. வெடித்த காயிலிருந்து சுளையை இழுத்தபோது பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பச்சரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, விளிம்பு மெல்லிசு, வேர் இன்னும் ஈரமாக இருந்தது. அவளுடைய மகள் கோமதித்தாய்க்கு வருகிற வைகாசியோடு மூன்று வயது முடிகிறது. வாயில் ஒரு பல் கிடையாது. அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

பிள்ளைக்குப் பல் மட்டுமல்ல, தாடையும் பிறந்த அன்று இருந்த அளவிலேயே நின்றுபோயிருந்தது. கண்ணும் நெற்றியும் மூன்று வயதுக்கு வளர்ந்திருக்க, நாடி மட்டும் கைக்குழந்தையின் நாடி. சோற்றைச் சுந்தரம்மாள் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, விரலால் எடுத்து ஊட்டுவாள். பிள்ளை பிறந்த நாள் முதல் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலை கொதிக்கிறதற்குள் தெருவை நான்கு தரம் நடந்துவிட்டு வருவாள். ஆடித்தபசுக்கு நூற்றியொரு சுற்று என்று நேர்ந்துகொண்டு கோவிலைச் சுற்றப் போனவள், இருட்டியும் நிற்காமல் முந்நூறு சுற்றுக்குமேல் போய்விட்டாள். கோவிலில் கொடுத்த புற்று மண்ணைப் பிள்ளையின் ஈறில் தடவினாள். உண்டியலில் போடத் தாடை உருவம் பொறித்த வெள்ளித் தகடு வாங்கலாம் என்றால், கண், கை, கால், பாம்பு, தேள் எல்லாம் வைத்திருந்த கடைக்காரரிடம் தாடை இல்லை. அப்படி ஒன்றை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவளுடைய புருஷன் செல்லப்பா, வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "ஏட்டி, செத்த நேரம் உக்காரேன். நீ நடக்கதைப் பாத்தா எனக்குக் கால் வலிக்கு" என்பான்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான் முதன்முதலாகக் கேட்டது. மாசமாக இருந்தபோது என்ன வேலை பார்த்தாய் என்றார். சுந்தரம்மாள் சொன்னாள். எழுபத்தைந்து ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பருத்தியில் புழு விழுந்தது. ஆறுமுகச்சாமியின் காட்டில் பெரிய தகர டிரம்மில் தண்ணீர் ஊற்றி, மண்டையோட்டுப் படம் போட்ட டின்னிலிருந்து பூச்சி மருந்தைக் கவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள். கம்பால் கலக்கினால் அடியில் தங்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் இன்னும் நான்கு பேரும் அந்த மாதிரி இருபது நாள் கலக்கினார்கள். தலை சுற்றினால் மோர் கொடுத்தார்கள். டாக்டரம்மா அதையெல்லாம் எழுதிக்கொண்டார். பல் பிறந்தபிறகு உண்டாவதில்லை, இரண்டாம் மூன்றாம் மாதத்திலேயே வயிற்றுக்குள் தாடையும் பல்லும் உருவாகத் தொடங்கிவிடும் என்றார். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல எங்கிட்ட அத்தாட்சி இல்லம்மா. ஆனா இனிமே அதுல கையை விடாதே."

இப்போது கையில் பல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சொம்புத் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த கோமதித்தாய் பல் கூசினாற்போல முகத்தைச் சுளித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஈறில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடி ஒட்டி நின்றது, விரலை எடுத்ததும் விழுந்துவிட்டது. பங்குனி முடிவதற்குள் சுந்தரம்மாள் பவுடர் டப்பா ஒன்று நிறைய பற்கள் சேர்த்தாள். பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பாக்டரியில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் மகபூப் பீவி, இயந்திரத்தில் சிக்கிய பற்களை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். "இதை எங்கன போடுததுன்னு எனக்குத் தெரியல தாயி. குப்பையில கொட்ட மனசு வரல."

ஒரு பிள்ளைக்குப் பால்பல் இருபதுதான். டப்பாவில் தொண்ணூற்றுக்குமேல் இருந்தன. கழுவினால் இருபதுக்குத்தான் கோமதித்தாய் கூசினாள். மற்றதற்கெல்லாம் அவள் திரும்பியும் பார்க்கவில்லை. எனவே சுந்தரம்மாள் ஒரு கையில் டப்பாவும் மறு கையில் சொம்புமாக நடக்கத் தொடங்கினாள். அன்று சேர்ந்து மருந்து கலக்கிய நான்கு பேர் வீட்டுக்கும் போனாள். நால்வருமே அப்போது பிள்ளைத்தாய்ச்சிகள். பிழைப்புக்கு இளையரசனேந்தல் பக்கம் போய்விட்ட தங்கத்தாய், அப்படிப் பிள்ளையே தன் வீட்டில் இல்லை என்று கதவைச் சாத்தினாள். சுந்தரம்மாள் வாசலில் நின்றபடியே ஒரு பல்லைத் தண்ணீரில் போட்டாள். வீட்டுக்குள் ஒரு குழந்தை "ஸ்ஸ்" என்றது. கதவு திறந்தது. தங்கத்தாய் மூன்று வருடமாக யாருக்கும் காட்டாத மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் தண்ணீரில் போட்டார்கள். அவனுடைய பங்கை எண்ணி எடுக்க மத்தியானம் வரை ஆயிற்று.

அந்த வருடப் பஞ்சை ஜின்னிங் பாக்டரி திருப்பி அனுப்பிவிட்டது. ஆறுமுகச்சாமி சுந்தரம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏட்டி, மண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைக்கேன். அடுத்த வெள்ளாமையில பல்லைத் தனியா பொறுக்கிட்டு பஞ்சை எடுங்க. பாக்டரியில மிஷின் பிளேடு ஒடியுதாம்."

"மொதலாளி, அது மண்ணோடது இல்ல. எம் பிள்ளையோடது" என்றாள் சுந்தரம்மாள்.

ஐப்பசி வந்தது. மறுபடியும் புழு விழுந்தது. சுந்தரம்மாளுக்கு மறுபடியும் இரண்டு மாதம். அவளும் மற்ற நால்வரும் கலக்க வரமாட்டோம் என்றதால், ஆறுமுகச்சாமி ஊத்துமலைப் பக்கத்திலிருந்து ஆறு பெண்களை ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது டிரம்மைச் சுற்றி ஐந்து தாய்கள் ஐந்து பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாயைக் காட்டுங்க மக்கா" என்றாள் சுந்தரம்மாள்.

ஐந்து பிள்ளைகளும் வாயைத் திறந்தன. வந்தவர்களில் மூத்தவள் குனிந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைச் சேலையால் மூடிக்கொண்டு பஸ் பாதைக்கு நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

ஆறுமுகச்சாமிக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளையும் பெறாத நானே கலக்குகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு டிரம்மின் முன் நின்றார். மருந்து பால்போல வெளுத்துக் கிடந்தது. கையை நீட்டினார், தண்ணீருக்கு ஒரு சாண் மேலேயே அது நின்றுவிட்டது. வெயில் ஏறும்வரை அப்படியே நின்றார். "மூடிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வருடப் பருத்தியைப் புழு தின்றது. அடுத்த வருடத்திலிருந்து அவர் அந்த நிலத்தில் சோளம் போட்டார்.

எண்பதாம் வருடம் வைகாசியில் சுந்தரம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதம் பால் குடிக்கும்போது அவன் கடித்தான். ரத்தம் வந்தது. சுந்தரம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அவள் வலியில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கூடியவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கோமதித்தாய் தம்பியின் வாய்க்குள் விரலை விட்டு அந்தக் கூர்மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுந்தரம்மாள் அதைப் பார்த்ததும் எழுந்து நடக்கப் போய்விட்டாள்.

கோமதித்தாய்க்கு ஏழு வயதானபோது, மற்றப் பிள்ளைகளுக்குப் பெரிய பல் முளைக்கிற அதே மாதத்தில், சோளக் கதிர்களில் அகலமான முன்பற்கள் பிடித்தன. அந்த வயதில் வரவேண்டிய பல் அந்த வயதில்தான் வந்தது, இடம்தான் வேறு. அவற்றை யாரும் பறிக்கவில்லை. தாடை சிறியதாகவே இருந்ததால் அவள் பேச்சில் சில எழுத்துகள் காற்றாகப் போகும். பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்த எழுத்துகளை அவள் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். அந்தத் தையில் ஒருநாள் அம்மாவோடு காட்டுக்குப் போனவள், தம்பியின் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். துப்பு என்று சுந்தரம்மாள் ஓடி வந்தாள். கோமதித்தாய் வாயை மூடியபடி நின்றாள். சுற்றிலும் சோளத்தட்டைக்குள் கறுக் முறுக் என்று சத்தம் கேட்டது. முறுக்கு அவள் நாக்கில் தானாக நொறுங்கி மாவாகி உள்ளே இறங்கியது.

"அம்மா, உப்பு கூடிப்போச்சு" என்றாள்.

அதன்பிறகு ஐந்து பிள்ளைகளும் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோனார்கள். தங்கத்தாய் மகனை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். ஆறுமுகச்சாமி அவர்கள் உட்கார வரப்போரமாக ஒரு பட்டை நிலத்தை உழாமல் விட்டார், கரும்புச் சீசனில் ஒரு கட்டு வாங்கியும் போட்டார். பனவடலிசத்திரம் பஸ் ஓடைப்பாலத்தில் மெதுவாகும்போது காடு முழுக்க மெல்லுகிற சத்தம் கேட்கும். புதிதாக ஏறியவர் யாராவது அது என்ன என்று விசாரித்தால், கண்டக்டர் வெளியே பார்க்காமலே, "பிள்ளைக சாப்பிடுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிப்பார்.