வரிசை கலைந்த ஈயக்குண்டுகள்

"தட்டு வைக்க மேசையில இடமில்ல. அதான் எல்லாத்தையும் காபி டப்பாவுல கொட்டினேன். ஈயம்தானே, உடைஞ்சா போயிடும்?" என்று லவோன் கேட்டதும், அவள் அண்ணன் எல்டனின் குரல் எதிர்வீடு வரை போனது.

"வரிசை போச்சே. எது முதல்ல வார்த்தது, எது கடைசின்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும்."

"அப்ப நாளைக்குப் போட்டிக்கு அவரையும் கூட்டிட்டுப் போ."

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த ஊர்த் துப்பாக்கி கிளப்பில் எல்லோரும் ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தங்கள் குண்டைத் தாங்களே வார்ப்பவர்கள்தான். அச்சு சூடேறும் முன் வார்த்தது சுருக்கம் விழுந்திருந்தால், அடி மழுங்கியிருந்தால், திரும்பக் கொப்பரைக்கே போகும். எல்டன் அதற்கும் மேலே போனவர். அச்சு சூடேற ஏற ஒவ்வொரு குண்டும் மயிரிழை மாறுகிறது என்பது அவர் கட்சி. அதனால் வார்த்த வரிசையிலேயே அடுக்கிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி, துப்பாக்கியில் குறியைச் சரிசெய்யும் திருகை இம்மி திருப்பித்தான் சுடுவார். இவ்வளவுக்கும் அவர் இலக்கில் ஓட்டைகள் கோழிக்கு இறைத்த தீனி மாதிரி கிடக்கும்.

இதில் கல்யாணம் வேறு மாட்டிக்கொண்டிருந்தது. வருஷாவருஷம் ஜெயிக்கும் கோரீன் மேல் எல்டனுக்கு ஆசை. அவளை ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுத்தான் கேட்பேன் என்று தங்கையிடம் சபதம் போட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. நாலு வருஷமாக லவோனின் சமையலறையில் ஈய வாடை. அவள் தட்டுக்காக மட்டும்தான் கொட்டினாளா என்பதில் தெருவில் இரண்டு கருத்து உண்டு.

திரும்ப வார்க்கவும் வழியில்லை. வார்த்த குண்டு சுடும் பதத்துக்குக் கெட்டிப்பட வாரக்கணக்காகும். எல்டன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போட்டிக்குப் போனார்.

முதல் குண்டுக்கே கை பழக்கத்தில் திருகுக்குப் போனது. எந்தப் பக்கம் திருப்புவது? குண்டு எதுவென்றே தெரியாதே. விட்டுவிட்டார். அடுத்ததற்கும் அப்படியே. தலைவிதி என்று திருகைத் தொடாமலே பத்தையும் சுட்டு முடித்தார்.

இலக்கைக் கொண்டுவந்தார்கள். பத்து ஓட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக, உள்ளங்கையால் மூடிவிடலாம். கோரீனுடையதை மூடக் கட்டைவிரல் போதும். எல்டன் மறுபடியும் தோற்றார். ஆனால் அவர் முகம் தொங்கியது அதற்காக இல்லை. நாலு வருஷத்தைத் தின்றது தன் விரலும் அந்தத் திருகும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கோரீன் வந்து இலக்கைப் பார்த்தாள். "இன்னைக்கு என்ன பண்ணீங்க எல்டன்?"

"ஒண்ணும் பண்ணல."

"அதையே தொடர்ந்து பண்ணுங்க."

அவ்வளவுதான், டப்பா, தங்கை, சபதம் எல்லாம் அவர் வாயிலிருந்து கொட்டிவிட்டது. பக்கத்தில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துடைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

"சபதத்தைப் பத்தி லவோன் எப்பவோ என்கிட்ட சொல்லிட்டா," என்றாள் கோரீன். "போன வருஷம் ஒரு போட்டியில வேணும்னே கண்டபடி சுட்டேன். அன்னைக்கும் நீங்க எனக்குக் கீழதான். இனிமே காத்திருக்க எனக்குத் தெம்பில்ல. இப்பவே கேளுங்க."

கேட்டார்.

அக்டோபரில் லுத்தரன் சர்ச்சில் கல்யாணம். ஈயக் கொப்பரையோடு எல்டன் கோரீன் வீட்டுக்குக் குடிபோனார். லவோன் வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். கூடவே போனது சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் லீலண்ட். அது எப்போது ஆரம்பித்ததென்று இன்றுவரை ஒருவருக்கும் பிடிபடவில்லை.