வல்லரசுவின் சட்டைப்பை

வல்லரசு தினமும் ஆட்டோவை எடுப்பதற்கு முன் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பெண்டாட்டியின் தையல் மிஷினுக்கு அடியில் கையை விட்டு, பாபின் கேஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். கீழ்நூலைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் குட்டி டப்பி இல்லாவிட்டால் மிஷின் வெறும் மேஜைதான். சாயங்காலம் வந்து அவனே திருப்பிக் கொடுப்பான். அவன் கண்ணெதிரேதான் உண்ணாமலை தைக்க வேண்டும், கூலி அவன் போனுக்குத்தான் வர வேண்டும். பேரைப் பாருங்கள், வல்லரசாம்! பெண்டாட்டி சம்பாதித்துவிடுவாளோ என்று பயப்படுகிற வல்லரசு.

மிஷின் என்னவோ உண்ணாமலையின் அம்மா வீட்டுச் சீர்தான். அதில் வந்த காசெல்லாம் அவன் போனில் ஆடுகிற ரம்மியில் கரைந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள், மகள் நந்தினிக்குச் செருப்பு வாங்க வேண்டும், என் கூலியில் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டாள். "கையில காசு வந்தா உனக்கு வாய் ஜாஸ்தியாயிடும்டீ" என்று சொல்லித் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி புடைத்துவிட்டது. அந்த வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தன் கூலிக்குத் தானே கையேந்தி நின்றதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கட்டையில் போகிறவன், அவனுக்கு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நெற்றியோடுதான் ஹஃப்சாவின் கடைக்கு நூல் வாங்கப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் ஹஃப்சா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, அவரு ஒண்ணை எடுத்துக்கினு போனா நீங்க இன்னொண்ணை மாட்ட வேண்டியதுதானே?"

"வாங்கறதுக்குக் காசு வேணாமா?"

ஹஃப்சா டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். "காசு எதுக்கு? எனக்கு ரெண்டு ஜாக்கெட் தெச்சுக் குடுங்க, சரியாப் போச்சு."

ஆட்டோவுக்குச் சாவி மாதிரி மிஷினுக்கும் அது ஒன்றேதான் என்று வல்லரசு நினைத்துக்கொண்டிருந்தான். இவளும் அவனைத் திருத்தப் போகவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும், இவள் புது டப்பியை மாட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்; அவன் வருவதற்குள் கழற்றி ஒளித்துவிடுவாள். ஆசிரமம் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்துகிற அருள்ராஜ், தியானத்துக்கு உட்காருகிற மெத்தைகளுக்கு உறை தைக்கத் துணி கொடுத்தார். கூலி உண்ணாமலையின் பேரில் தொடங்கிய தபால் ஆபீஸ் கணக்குக்குப் போனது.

அதிலிருந்து முதலில் வீட்டு வாடகையைக் கட்டினாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா ரேணுகாம்பாள், வல்லரசுவின் 'நாளைக்கு, நாளைக்கு'வைக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தாள். ஐப்பசியில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்ததும், புதியதை உண்ணாமலை பேரிலேயே எழுதிவிட்டாள். வாடகையை ஏன் யாரும் கேட்பதில்லை என்று அந்த மகாராஜாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கேட்காத வாடகை இனிக்கத்தானே செய்யும்!

உண்ணாமலை சந்தோஷமாக இருந்தாள். பகலெல்லாம் மிஷினோடு சேர்ந்து பாடினாள். நந்தினிக்கும் செருப்பு வந்தது.

கார்த்திகை தீபம் நெருங்கியது. "கூட்டம் வர்றதுக்குள்ள, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மொத்த உறையும் குடுத்துட்டா, இனி விடுதித் தையல் எல்லாம் உங்களுக்குத்தாம்மா" என்றிருந்தார் அருள்ராஜ். அந்த வேலை கிடைத்தால் யாரிடமும் கையேந்தாமல் மகளை வளர்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னும் கொஞ்சம் உறைதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, தீபத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று வல்லரசு வீட்டுக்கு வந்து நின்றான்.

மிஷின் ஓடுகிறது. அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தான். டப்பி பையில்தான் இருக்கிறது.

"எப்பிடிடீ ஓடுது?"

"மிதிச்சா ஓடுது."

அவள் தைத்து வைத்திருந்த உறைகளை அவன் வாரித் தரையில் வீசிவிட்டுக் கையை ஓங்கினான்.

"உண்ணாமல, என்னம்மா சத்தம்?" மாடியிலிருந்து ரேணுகாம்பாளின் குரல் வந்தது.

இந்தக் கேள்விக்கு அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்: ஒண்ணுமில்லக்கா. உண்ணாமலையும் எத்தனையோ தடவை அதையே சொல்லியிருக்கிறாள். தரையில் கிடந்த உறைகளைப் பார்த்தாள்.

"அடிக்க வராருக்கா! கீழ வாங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ரேணுகாம்பாள் மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"என் வீட்டுல நான் என்னா வேணாலும் செய்வேன். நீ யாரு கேக்க?" என்றான் வல்லரசு.

"உன் வீடா? வாடகை கட்டறவ அவ. அக்ரிமெண்டும் அவ பேர்லதான் இருக்குதுப்பா."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னொரு தடவ கை வெச்சீங்கன்னா வேங்கிக்கால் எஸ்.பி. ஆபீஸ் போயி எழுதிக் குடுத்துருவேன்" என்றாள் உண்ணாமலை.

வாசலில் ஆள் கூடுவதைப் பார்த்து அவன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உண்ணாமலை உறைகளை உதறி எடுத்தாள். பாக்கி இருந்ததையும் உட்கார்ந்து தைத்து முடித்தாள். சாயங்காலம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, வேலை தனக்குத்தான் என்று அருள்ராஜ் வாயால் கேட்டுக்கொண்டு, நந்தினிக்குச் சூடாக பஜ்ஜியும் வாங்கி வந்தாள்.

ரேணுகாம்பாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "எங்க போயிடப் போறான்? திரும்பி வருவான்டீ."

"வரட்டும்க்கா" என்று பஜ்ஜியை அவளுக்கும் நீட்டினாள் உண்ணாமலை. "வந்து கதவத் தட்டட்டும். தொறக்கறதா வேணாமான்னு நான் யோசிச்சுக்கறேன்."